வடக்கு ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் வேண்டுமென்றே காட்டுக்குத் தீ வைக்கிறார்களாமே, அது காட்டை அழிக்காதா?

ஆமாம், வைக்கிறார்கள். நான் அங்குள்ள டார்வின் நகரில் குடியிருப்பவன். மே மாதம் பிறந்துவிட்டால் ஊரைச் சுற்றி எங்காவது ஒரு பக்கம் புகை எழும்பிக்கொண்டே இருக்கும். கொடியில் காயப்போட்ட துணியில் கரித்தூள் வந்து உட்காரும். புதிதாக வரும் நம்மூர்க்காரர்கள் பதறிப்போய் இதையேதான் கேட்பார்கள். எந்த மாதத்தில், யார் கையால் வைத்த தீ என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்த நிலத்தின் இயல்பு அப்படி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கொட்டித் தீர்க்கும். டார்வினில் ஆண்டுக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை. அதன்பிறகு மாதக்கணக்கில் மழையே இராது. மழைக்காலத்தில் ஈட்டிப்புல் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, விதை உதிர்த்து, ஏப்ரலில் காய்ந்துவிடும். கடைசி மழையோடு வரும் காற்று அதைத் தரையோடு சாய்த்துப் போடும். மேலே யூகலிப்டஸ் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும், கீழே கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல். இதைத்தான் சவன்னா என்கிறோம். இங்கே தீயே வராமல் பார்த்துக்கொள்வது நடக்கிற காரியமில்லை. மழைக்கு முன்னோடியாக வரும் வறட்டு மின்னல் ஒன்று போதும்.

பூர்வகுடி ரேஞ்சர்கள், அதாவது நிலத்தைப் பராமரிக்கும் காவலர்கள், தீ வைப்பதை டார்வினுக்குக் கிழக்கே பூர்வகுடிகளின் நிலமான மேற்கு ஆர்ன்ஹெம் லேண்டில் ஒரு ஜூன் மாதம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கையில் ஓர் எண்ணெய்க் கேன், அதன் மூக்கில் எரியும் திரி. டீசலும் பெட்ரோலும் கலந்த எண்ணெய் தீயாகச் சொட்டும். ரேஞ்சர் அம்மா ஒருவர் சாய்ந்து கிடந்த புல்லை ஒடித்துப் பார்த்தார், காற்று எந்தப் பக்கம் என்று கவனித்தார், பிறகு நடந்துகொண்டே சொட்டவிட்டார். தீ முழங்கால் உயரம்கூட எழவில்லை. புல்லுக்கடியில் இன்னும் ஈரம் இருந்தது. ஓடைக்கரை வரை போய் அங்கே நின்றது. இன்னொரு பக்கம், முந்தின வாரம் எரித்த கருந்திட்டில் முட்டி அவிந்தது. இரவுப் பனி இறங்கியதும் மிச்சமும் அடங்கிவிட்டது. மரங்களின் அடிப்பட்டை கொஞ்சம் கரிந்திருந்தது, உச்சி இலை பச்சை மாறவில்லை. தலைக்கு மேல் கரும்பருந்துக் கூட்டம். நம்மூரில் வட்டமிடும் அதே பறவைதான். புகைக்குப் பயந்து எழும்பும் வெட்டுக்கிளிகளைப் பாய்ந்து பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது.

இதே இடம் அக்டோபரில் பற்றினால் கதை வேறு. புல் முழுக்கக் காய்ந்திருக்கும், வெயில் உச்சத்தில் இருக்கும், காற்றும் பலமாக அடிக்கும். இரவிலும் அணையாமல் வாரக்கணக்கில் எரிந்துகொண்டே போகும். காகடு தேசியப் பூங்காவில் கபல்கா என்ற இடத்தில் 1990-களின் முதல் பாதியில் பெரிய பரப்பில் எரித்துச் சோதித்தார்கள். வறட்சியின் கடைசியில் வைத்த தீ, தொடக்கத்தில் வைத்த தீயைப்போல மூன்று மடங்குக்கும் மேல் உக்கிரமாக எரிந்தது. யூகலிப்டஸ் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்த்துக்கொள்ளும். அங்கே வளரும் சைப்ரஸ் பைன் மரத்தால் அது முடியாது. உக்கிரமான தீ பட்டால் செத்ததுதான். அதன் விதையும் மண்ணில் அதிக நாள் தாங்காது. வெளிறிப்போய் நிற்கும் செத்த பைன் தோப்பு ஒன்றைப் பார்த்தால் அந்த வட்டாரத்தில் தீ எப்படி இருந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்தப் பைன் தோப்புகள் செத்ததற்கு மக்கள் தீ வைத்தது காரணமில்லை, தீ வைக்க மக்கள் இல்லாமல் போனதுதான் காரணம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த நிலத்தில் நடந்து திரிந்த பூர்வகுடிகள், போகும் வழியெல்லாம் சிறிது சிறிதாக எரித்துக்கொண்டே போனார்கள். வேட்டைக்கு, பாதைக்கு, கிழங்குக்கு, பாறை இடுக்கில் இருக்கும் மழைக்காட்டுத் துண்டுகளைக் காப்பதற்கு என்று ஒவ்வொரு தீக்கும் ஒரு காரணம் உண்டு. யார் நிலத்தில் யார் தீ வைக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷன்கள், அரசுக் குடியிருப்புகள், சுரங்கங்கள் என்று அவர்கள் வெளியே இழுக்கப்பட்டார்கள். மேற்கு ஆர்ன்ஹெம் லேண்ட் பீடபூமி ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்தது. எரிக்காத புல் தொடர்ச்சியாகச் சேர்ந்தது. பிறகு ஒரு மூலையில் பற்றினால் மறு மூலை வரை போயிற்று.

அந்த மண்ணுக்குத் திரும்பிப்போய் இதைச் சரிசெய்ய முன்னின்றவர் பர்தயல் நஜமெரெக் என்ற முதியவர். பாறை ஓவியர், தன் நிலத்தின் ஒவ்வொரு மடிப்பும் அறிந்தவர், 2009-இல் காலமானார். அவரைப் போன்ற மூத்தோரும் தீயை ஆராயும் விஞ்ஞானிகளும் சேர்ந்து உட்கார்ந்ததில் பிறந்ததுதான் மேற்கு ஆர்ன்ஹெம் லேண்ட் தீத் தணிப்புத் திட்டம். பரப்பு சுமார் 28,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 2006-இல் டார்வின் இயற்கை எரிவாயு ஆலையுடன் 17 ஆண்டு ஒப்பந்தம்: வறட்சியின் தொடக்கத்திலேயே எரித்து, பிந்திய பெருந்தீயைக் குறைத்து, ஆண்டுக்கு 1 லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமமான உமிழ்வை மிச்சப்படுத்த வேண்டும். அதற்கு ஆலை தரப்பு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது.

எரித்தால் எப்படி உமிழ்வு குறையும் என்று கேட்பீர்கள். புல் எரிந்து வெளிவரும் கரியமில வாயுவை அடுத்த மழையில் வளரும் புல் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதனால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அப்படித் திரும்பாது. முன்கூட்டி எரிக்கும் தீ திட்டுத் திட்டாக இடம் விட்டுவிட்டுப் போகும். எரியும் புல்லும் விறகும் குறைவு, இவ்விரண்டு வாயுக்களும் குறைவு. ஒரு எரிவாயு ஆலை தன் புகைக்கு இப்படி ஈடுகட்டுவது எனக்கு உவப்பானதில்லை. ஆனாலும் அந்தப் பணத்தில்தான் குடும்பங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பின, பிள்ளைகள் ரேஞ்சர் சம்பளத்தில் தாத்தாவின் நிலத்தில் வேலை பார்க்கிறார்கள். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனசு வராது.

குறை இல்லாமலில்லை. இன்று பெரும்பகுதி ஹெலிகாப்டரிலிருந்து தீக்குண்டுகளைப் போட்டு எரிக்கிறார்கள். மேலிருந்து போடுபவருக்குப் புல்லை ஒடித்துப் பார்க்க வழியில்லை. ஒரே இடம் ஆண்டுதோறும் எரிந்தால், மாதம் சரியாக இருந்தாலும் கேடுதான். காகடுவில் சிறு பாலூட்டிகள் பயங்கரமாகக் குறைந்துவிட்டன. அடிக்கடி வரும் தீயும், எரிந்த வெட்டவெளியில் சுலபமாக வேட்டையாடும், காடேறிப்போன வீட்டுப்பூனைகளும் இதில் சேர்ந்தே குற்றவாளிகள். இன்னொரு பூதம் காம்பா புல். மாட்டுத் தீவனத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. 4 மீட்டர் வரை வளரும், அதில் பிடிக்கும் தீ உள்ளூர்ப் புல்லில் எரிவதைப்போலப் பல மடங்கு உக்கிரம், மரமும் தாங்காது. 2008-இல்தான் களை என்று அறிவித்தார்கள். டார்வினுக்குத் தெற்கே சாலையோரம் காரின் கூரைக்கு மேல் அது நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். அது நுழைந்த இடத்தில் மேலே சொன்ன பழைய கணக்கு எதுவும் செல்லாது.

நம் பக்கத்திலும் இதே முறையைக் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் கோடைக்கு முன்பே சருகுத் தீ வைத்து வந்தார்கள். 1974-இல் சரணாலயமான பிறகு அது நின்றது. உண்ணிச்செடி புதராக மண்டியதற்கு அதுவே காரணம் என்பது அவர்கள் சொல்வது. 1997-க்கும் 2008-க்கும் இடையில் அச்செடி அங்கே மிக வேகமாகப் பரவியதை ஆய்வாளர்களும் அளந்து காட்டியிருக்கிறார்கள். 2011-இல் வன உரிமைச் சட்டப்படி சோலிகர் கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கிடைத்தது. தீக்கு இருந்த தடை மட்டும் விலகவில்லை. ஆனால் இப்போது போய்க் கொளுத்திவிட முடியாது. புதராக மண்டிய உண்ணிச்செடி வழியே தீ மர உச்சிக்கே ஏறும், எரிந்த தூரும் மறுபடி துளிர்க்கும். முதலில் அதை வேரோடு களைய வேண்டும். புல் திரும்பிய இடங்களில் மட்டும், சிறு திட்டுகளாக, சோலிகரே காலம் பார்த்து எரிக்க வனத்துறை இடம் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.