நீங்கள் என்ன முறை?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 51 வயது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் நண்பர் கணையப் புற்றுநோயில் இறந்து நான்கு மாதம் ஆகிறது. 19 ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஆளுக்கொரு புல்லட்டில் கொல்லிமலை ஏறுவோம். காரவள்ளியில் டீ, பிறகு 70 கொண்டை ஊசி வளைவுகள். அவர்தான் எப்போதும் முன்னால். வளைவில் சரளை கிடந்தால் இடதுகாலை லேசாக நீட்டுவார். நான் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். அதிகம் பேசிக்கொண்டதுகூட இல்லை.

காரியத்தன்று அவருடைய உறவினர் ஒருவர், "நீங்கள் என்ன முறை?" என்று கேட்டார். "கூட வண்டி ஓட்டுவேன்" என்றேன். சொன்னதும் எனக்கே அற்பமாகப் பட்டது.

கடைசி மாதத்தில், "காரவள்ளி வரைக்குமாவது போய் வருவோமா?" என்று கேட்டார். "உடம்பு தேறட்டும்" என்று சொல்லிவிட்டேன். அது இரவில் தூங்கவிடுவதில்லை. வண்டியை இன்னும் தொடவில்லை. "சொந்த அண்ணன் போனபோதுகூட இப்படி இல்லையே" என்கிறாள் மனைவி.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி பார்த்தது சரிதான். அதில் நீங்கள் கூச வேண்டியது எதுவுமில்லை. அண்ணன் போனால் தீட்டு உண்டு, துக்கம் கேட்க ஆட்கள் உண்டு. நண்பன் போனால் மறுநாளே பட்டறையைத் திறந்தாக வேண்டும். ஊர் கணக்கில் எடுக்காத இத்தகைய துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-லேயே எழுதியிருக்கிறார். அழ இடமில்லாததால் அது உள்ளேயே தங்கிவிடுகிறது.

"உடம்பு தேறட்டும்" என்பது அவர் பிழைப்பார் என்று நம்பியவர் சொன்னது. ஆனாலும் அந்த ஒரு பயணம் நடக்கவில்லை, அந்த வருத்தத்தை நான் பேசிக் கரைத்துவிட முடியாது. அவர் மனைவியிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். சரளையைக் கண்டு கால் நீட்டுவாரே, அதையும் சொல்லுங்கள். வீட்டில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

நான்கு மாதம் நின்ற வண்டி, பாட்டரி இறங்கியிருக்கும், மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் தூக்கம் சீராகும்வரை மலை வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கவனம் சிதறும் நேரத்தில் அந்த வளைவுகள் யாருக்கும் இரக்கம் காட்டாது. தூக்கமின்மை இப்படியே நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே பேசுங்கள்.

பிறகு ஒரு ஞாயிறு, காரவள்ளி வரை மட்டும் போய் வாருங்கள். டீக்கடைக்காரர், "இன்னொருத்தர் எங்கே?" என்று கேட்பார். என்ன சொல்வது என்று வீட்டிலேயே யோசித்துக்கொண்டு புறப்படுங்கள்.