காணாமல் போன கடைசி எழுத்து

ஐயா,

மூன்று ஆண்டுகளாக மாதத்துக்கு ஒருமுறையாவது கண்ணில் ஏதோ மினுக்குகிறது, பிறகு கண் இருட்டிக்கொண்டு வருகிறது. அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். தலைவலி பெரும்பாலும் வருவதில்லை. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, கண் மைக்ரேனாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். தலையே வலிக்காமல் என்ன ஒற்றைத் தலைவலி என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சாக்லேட், காபி, பாலாடைக்கட்டி என்று நிறுத்திப் பார்த்த பொருட்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். இன்னும் எதை நிறுத்த வேண்டும்? பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் இரவில் விழித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறேன். போன வாரம் வண்டி ஓட்டும்போதே வந்தது, எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். உங்களுக்கும் இது உண்டு என்று ஒரு கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். இதோடு எப்படி வாழ்வது?

க.

அன்புள்ள க.,

முதலில் திட்டிவிடுகிறேன். "எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன்" என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! அந்த நேரத்தில் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்திருந்தால், நீங்கள் காலியான சாலையைத்தான் பார்த்திருப்பீர்கள். மினுக்கல் தொடங்கியதும் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். முழுவதும் தெளியும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

பட்டியலை எண்ணிப் பார்த்தேன். 27 பொருட்கள். சாப்பாட்டுக்கு இரண்டு பக்கம் செலவழித்த நீங்கள், கண்ணில் தெரிந்ததற்குக் கொடுத்தது ஒரே வரி. அதிலும் ஒரு "ஏதோ". சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போடுவதும் தூக்கம் கெடுவதும் பலருக்கு இதைத் தூண்டிவிடும். இரவில் விழித்திருந்து தூக்கத்தை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். பட்டியலை மடித்து வையுங்கள்.

"இருட்டிக்கொண்டு வருகிறது" என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. சில மாதங்களாகவே எனக்கு இதில் ஒரு எரிச்சல் உண்டு. பசித்தால் கண் இருட்டுகிறது. சட்டென்று எழுந்தால் இருட்டுகிறது. அதிர்ச்சியான செய்தி கேட்டாலும் இருட்டுகிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளிவிடுகிறோம். எதிரே உட்கார்ந்திருக்கும் மருத்துவர் என்ன செய்வார்? எழுந்தவுடன் இருட்டினால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல மறைத்து, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்து, ஓரத்தில் மின்னல் வெட்டினால் விழித்திரை விலகுகிறதோ என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். ஒரு கண் பார்வை திடீரென்று அணைந்தாலோ, கைகால் சோர்ந்து வாய் குழறினாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நம்முடையது வேறு. மெதுவாக வரும், மினுக்கும், நகரும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். இத்தனையையும் "இருட்டு" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எப்படி?

மேலும், அது இருட்டே இல்லை.

எனக்கு முதன்முதலில் வந்தபோது மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். என்னுடைய ஒரு சிறுகதை. "அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தா" என்று ஒரு வாக்கியம் முடிந்திருந்தது. அச்சுக்கோத்தவரை மனதுக்குள் வைதபடி, விளிம்பில் "ள்" என்று போட்டேன். அடுத்த வரியில் "சொன்னா". அங்கும் ஒன்று. மூன்றாவது வரியில் "தெரியவி" என்று இருந்தபோதுதான் கை நின்றது. தாளில் கறுப்பு இல்லை, ஓட்டை இல்லை, மங்கல்கூட இல்லை. எழுத்து முடிந்த இடத்திலிருந்து வெள்ளைத்தாள் ஒழுங்காகத் தொடர்ந்தது. பார்க்கிற புள்ளிக்குச் சற்று வலப்பக்கம் இருந்ததெல்லாம் துடைத்துவிட்டதுபோல இல்லை.

நம் மொழியில் இது எவ்வளவு பெரிய விபத்து என்று யோசித்துப் பாருங்கள். வந்தவன் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, நானா நீயா, எல்லாம் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. நடந்ததா நடக்கவில்லையா என்பதும் பல நேரம் அங்கேதான். வால் அறுந்தால் "தெரியவில்லை" வெறும் "தெரிய" ஆகிவிடும். பத்து நிமிடம் கழித்து அந்த இடத்தைச் சுற்றி ரம்பப் பல்லாக ஒரு வளைவு மின்னத் தொடங்கியது. மெல்ல விரிந்து வலப்பக்க ஓரத்துக்குப் போய்க் கரைந்தது. அதன் உட்பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "வந்தாள்" என்று தெளிவாக இருந்தது, பக்கத்தில் என் திருத்தத்தோடு. அச்சகத்திலிருந்து கேட்டார்கள்: "ஏற்கெனவே 'ள்' இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்ன பதில் சொல்வது? பேனா வழுக்கிவிட்டது என்றேன்.

கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளருக்கும் இது இருந்தது. நண்பரோடு பேசிக்கொண்டிருக்கையில் பார்வையைச் சற்று நகர்த்தினார், நண்பரின் தலை காணாமல் போனது. பின்சுவர்த் தாளின் கோடுகள் கழுத்துப்பட்டைவரை இறங்கி வந்து இடத்தை நிரப்பியிருந்தன. அவர் பயந்து ஓடவில்லை. வெற்றுப் பகுதி எங்கே, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு விரிகிறது என்று தாளில் வரைந்து கணக்குப் போட்டார். மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941-இல் எழுதினார். மூன்று ஆண்டு கழித்து, பிரேசில்காரர் அரிஸ்டிடிஸ் லியாவோ முயலின் மூளையில் அதே மாதிரி மந்த நடை நடக்கும் ஓர் அலையைக் கண்டார். நரம்பணுக்கள் சிறிது நேரம் கொதித்துப் பிறகு அடங்கிப்போகும் அலை. நமக்குத் தெரியும் மினுக்கல் அதன் முன்விளிம்பு, காணாமல் போவது பின்னால் வரும் அமைதி. பார்வையின் நடுப்பகுதிக்கு மூளை மிக அதிக இடம் ஒதுக்கியிருப்பதால் அலை முதலில் ஒரே எழுத்தின்மேல் படுத்துக்கிடக்கும், ஓரத்துக்குப் போகப்போக விரைவதுபோலத் தெரியும். அடுத்த முறை கவனியுங்கள், அப்படித்தான் இருக்கும்.

அவர்களுக்கு முன்பே, 1870-இல், ஹ்யூபர்ட் எய்ரி என்ற ஆங்கில மருத்துவர் தனக்கு வந்ததைப் படிப்படியாக வண்ணத்தில் வரைந்து வெளியிட்டார். கோட்டை மதில்போன்ற அந்த வளைவை இன்றைக்கும் மருத்துவ நூல்களில் பார்க்கலாம். அவருடைய அப்பா, வானியலாளர் ஜார்ஜ் எய்ரி, தனக்கு இருந்ததைப் பற்றி 1865-இலேயே எழுதியிருந்தார். அப்பனும் பிள்ளையும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் வீட்டில் சிரிக்கிறவர்களிடம் பேசிப் பயனில்லை, படம் காட்டுங்கள். தலைவலி வராமலே இது வருவதுண்டு என்பதை மருத்துவம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. பாவம், பெயர்தான் மாறவில்லை.

நடு இரவில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பதாக எழுதியதைப் படித்து எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. நானும் செய்திருக்கிறேன். ஆனால் சோதனை சரி, நேரம்தான் தவறு. அது வந்திருக்கும்போது மூடிப் பாருங்கள். "வலது கண்ணில் வருகிறது" என்று பலர் நினைப்பது உண்மையில் இரு கண்களின் வலப்பக்கமாக இருக்கும். எந்தக் கண்ணை மூடினாலும் தெரிந்தால் அது மூளையின் பின்பக்கத்தில் நடக்கும் கூத்து, பார்வையைப் பறித்துக்கொண்டு போகிற கண்நோய் இல்லை. ஒரு கண்ணில் மட்டும் என்றால் மருத்துவரிடம் திரும்பப் போய் அதைச் சொல்லுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த வகை மைக்ரேனோடு அவை சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும்.

அடுத்த முறை வந்ததும் ஒரு தாளின் நடுவில் புள்ளி வைத்து, அதையே பார்த்தபடி மறைந்த இடத்தின் எல்லையை வரையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தாள், மூலையில் மணி. ஒன்றை மருத்துவரிடம் கொடுங்கள், ஒரு நகல் எனக்கு. உங்களுக்கு மறைவது சொல்லின் தலையா வாலா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.