மூன்று மடங்கு சம்பளம், எத்தனை மணி நேரத்துக்கு?

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தேன். வயது 26. துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ராட் வெல்டிங் மட்டும்தான் தெரியும். எட்டு மணி நேர ஷிஃப்ட், மாதம் 20,000 ரூபாய், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு. அபுதாபி ருவைஸில் 6ஜி டெஸ்ட் தேறிய பைப் வெல்டருக்கு வேலை இருக்கிறது, 12 மணி நேர டியூட்டிக்கு 60,000 ரூபாய், இரண்டு வருட ஒப்பந்தம் என்கிறார் ஒரு ஏஜென்ட். தங்க இடம் கம்பெனி தரும். சாப்பாடு நம் செலவு. ஒன்றரை லட்சம் கேட்கிறார். 6ஜி சர்ட்டிஃபிகேட்டும் அவரே ஏற்பாடு செய்வாராம். மனைவி ஐந்து மாத கர்ப்பிணி. போகலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: தம்பி, பைப் வெல்டிங் பக்கம் போக நினைப்பது சரியான முடிவு. ஆனால் இந்த ஏஜென்ட் மூலமாக, இப்போதே கிளம்ப வேண்டாம். ஆறேழு மாதம் இங்கேயே இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு போங்கள்.

முதலில் சம்பளக் கணக்கு. இப்போது மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 208 மணி நேரம். மணிக்கு 96 ரூபாய் வருகிறது. அங்கே நாளுக்கு 12 மணி என்றால் மாதம் 312 மணி நேரம். 60,000 ரூபாயில் சாப்பாட்டுக்கு 8,000 என்று வைப்போம். ஏஜென்டுக்குக் கொடுக்கும் ஒன்றரை லட்சத்தை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 6,250. மிச்சம் 45,750. மணிக்கு 147 ரூபாய்தான். மூன்று மடங்கு என்று சொன்னது ஒன்றரை மடங்காகிவிட்டது. கையில் சேரும் பணம் இங்கே இருப்பதைவிட அதிகம் என்பது உண்மை. அதில் கணிசமான பங்கு நீங்கள் கூடுதலாக உழைக்கும் மணி நேரத்துக்கான கூலி என்பதும் உண்மை.

அந்த 60,000 எப்படி உடைகிறது என்று எழுத்தில் கேளுங்கள். அமீரகச் சட்டத்தில் ஓவர்டைம், அடிப்படைச் சம்பளத்தின் மணிக்கூலியோடு குறைந்தது 25 சதவிகிதம் சேர்த்து. வேலை முடியும்போது வரும் கிராஜுவிட்டியும் முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படையைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிக் காட்டினால் இரண்டிலுமே அடி விழும். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும், ஒரு வருடம் நிறையாத ஷட்டவுன் வேலைக்கு கிராஜுவிட்டியே கிடையாது.

சர்ட்டிஃபிகேட்டை 'ஏற்பாடு' செய்வதாகச் சொன்னாரே, அந்த இடத்தில்தான் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.-யின் செக்‌ஷன் 9 விதிப்படி வெல்டருக்கு டெஸ்ட் வைத்துத் தகுதி தர வேண்டியது வேலை கொடுக்கும் நிறுவனம். வெளியே வாங்கிய தாளைக் காட்டினாலும் சைட்டில் மறுபடி டெஸ்ட் வைப்பார்கள். அதில் தவறினால் ஹெல்பர் சம்பளத்தில் உட்கார வைப்பார்கள், அல்லது டிக்கெட் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஒன்றரை லட்சக் கடன் அப்படியே நிற்கும். தகுதி பெற்ற பிறகும், அந்த வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் அது காலாவதியாகிவிடும்.

6ஜி டெஸ்டில் பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பிடித்து வைத்திருப்பார்கள். பைப்பைச் சுழற்ற முடியாது, நீங்கள்தான் சுற்றிவர வேண்டும். பல இடங்களில் கொடுப்பது 2 இன்ச் கனத்த பைப்: வெளி விட்டம் 60.3 மி.மீ., சுவர் 11 மி.மீ. அதில் தேறினால் 25 மி.மீ. விட்டம் முதல் பெரிய பைப் வரையும், 22 மி.மீ. கனம் வரையும் போடத் தகுதி. பெவல் (பைப் விளிம்பைச் சரித்து வெட்டும் கோணம்) ஒரு பக்கம் 37.5 டிகிரி, ரூட் கேப் (இரண்டு பைப்புக்கும் இடையே விடும் இடைவெளி) 2.5 முதல் 3 மி.மீ., ரூட் ஃபேஸ் (அடியில் சரிக்காமல் விடும் விளிம்பு) ஒன்றரை மி.மீ.க்குள். ரூட், அதாவது அடியில் போடும் முதல் அடுக்கு, ஆர்கான் (டிக்) வெல்டிங்கில்: 2.4 மி.மீ. ஃபில்லர், 90–110 ஆம்பியர், ஆர்கான் நிமிடத்துக்கு 8–12 லிட்டர். மேலே நிரப்பும் ஃபில்லிங்கும் கடைசி அடுக்கான கேப்பிங்கும் 7018 ராடில். அந்த ராட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பா திறந்து கிடந்ததை 300–350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு ஓவனில் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஈர ராடில் போரோசிட்டியும் (வாயுத் துளைகள்) விரிசலும் வரும்.

எக்ஸ்ரேயில் தோற்பது பெரும்பாலும் ரூட்டில்தான். பைப்பின் அடிப்பகுதியில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், உருகிய உலோகம் கீழே தொங்கும். உள்பக்கம் குழி விழும். அங்கே ரூட் கேப் குறுகலாக இருந்தால் பெனிட்ரேஷனே வராது, அதாவது அடிவரை உருகிச் சேராது. பைப்புகளைப் பிடித்து நிறுத்தப் போட்ட டேக்கின் இரு முனையையும் கிரைண்டரில் சரித்துத் தேய்க்காமல் மேலே ஏற்றினால் ஒட்டாமல் போகும். நிறுத்தும்போது ஆர்க்கைச் சட்டென்று இழுத்தால் முடியும் இடத்துக் குழியில் விரிசல் (கிரேட்டர் விரிசல்). விரிசலோ, முழுதும் ஒட்டாத இடமோ, பெனிட்ரேஷன் குறைவோ எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ரிஜெக்ட். காற்றில் ஆர்கான் கலைந்தால் ஊசித்துளை ஊசித்துளையாக வரும். ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்து பழகாதீர்கள்.

பயிற்சிக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. திருச்சி பெல் வளாகத்தில் இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் வெல்டர் பயிற்சி உண்டு. தனியார் சென்டரில் சேர்வதானால் ஒரே கேள்வி கேளுங்கள்: எனக்கு எத்தனை பைப் ஜாயின்ட் கொடுப்பீர்கள்? வகுப்பு நேரத்தைவிட எரித்த ஜாயின்ட்தான் கணக்கு. முதல் சில வாரம் ரூட் மட்டும் போட்டு, அறுத்து உள்பக்கம் பாருங்கள். ஆறு மணி இடம் சீரான பிறகு ஃபில்லிங்குக்குப் போகலாம்.

இனி உடம்பு. இதைத்தான் ஏஜென்ட் யாரும் பேசுவதில்லை. வெல்டிங் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம், நிக்கல் புகையும் சேரும். வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் புகை இறங்கிவிடும் என்று ஷாப்பில் சொல்வார்கள். நுரையீரலுக்குப் போனதை எதுவும் இறக்காது. முகத்தில் கட்டும் கர்ச்சீஃப் புகையைத் தடுக்காது. நுண்துகளைத் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட அரை முக ரெஸ்பிரேட்டர் சொந்தமாக வாங்குங்கள். தாடி இருந்தால் அது முகத்தில் படியாது. ஆர்கான் வெல்டிங்குக்கான சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பியில் கதிரியக்கம் உள்ள தோரியம் இருக்கிறது, தீட்டும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. லாந்தனம் கலந்தது கேட்டு வாங்குங்கள். பர்ஜ் செய்த (காற்றை வெளியேற்றி ஆர்கான் நிரப்பிய) பைப்புக்குள்ளோ டேங்குக்குள்ளோ மீட்டர் வைத்து ஆக்ஸிஜன் பார்க்காமல் தலையை விடவே வேண்டாம். சாதாரணக் காற்றில் 20.9 சதவிகிதம், 19.5-க்குக் கீழே போனால் வெளியே நில்லுங்கள். ஆர்கானுக்கு வாசனை இல்லை, காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி நிற்கும். மூச்சு முட்டுகிறது என்று உணர்வதற்கு முன்பே ஆள் விழுந்துவிடுவார்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு. மற்ற நேரத்து வெயிலை நீங்கள்தான் தாங்க வேண்டும், லெதர் ஜாக்கெட்டோடு.

குடும்பத்துக்கு வருவோம். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பதால் பிரசவ மருத்துவம் உங்கள் மனைவிக்கும் கிடைக்கும். வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பு கொஞ்ச காலத்தில் முடிந்துவிடும். குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதம் ஆகும் வரை இருங்கள். பயிற்சிக்கு வேண்டிய காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். போகும்போது பி.எஃப். பென்ஷன் பகுதியை எடுத்துவிடாதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் வாங்கி வைத்தால் இந்த நான்கு வருடம் பின்னால் சேரும்.

இந்த வேலையை முப்பத்தைந்து, நாற்பதுக்கு மேல் இதே வேகத்தில் செய்ய முடியாது. முதுகும், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் பார்வையும் முதலில் போகும். வளைகுடா பணத்தில் முதல் வருடமே ஒரு பங்கை என்.டி.டி. (வெல்டிங்கை உடைக்காமல் சோதிக்கும் முறை) லெவல் 2 படிப்புக்கு ஒதுக்குங்கள். அனுபவம் சேர்ந்ததும் வெல்டிங் இன்ஸ்பெக்டர் தேர்வு எழுதலாம். வீட்டுக்கடனுக்கே பணம் முழுவதையும் கட்டிவிட்டால் இந்தப் படிப்பு நடக்காது.

கடைசியாக ஏஜென்ட். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது அமீரகச் சட்டம். ஒன்றரை லட்சம் எந்தக் கணக்கிலும் சேராது. பத்தாவது தேறியதால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாது. அதனால் உங்கள் ஒப்பந்தத்தைச் சரிபார்க்க இடையில் அதிகாரி யாரும் இல்லை, நீங்களே பார்க்க வேண்டும். ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பெயரைப் பதிந்து வையுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதோடு இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.