வீட்டில் யூவி விளக்கு: கண்ணும் தோலும் தாங்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

யூவி (புற ஊதா ஒளி) விளக்கு பற்றி வந்த கேள்விகளில் ஆறை எடுத்துக்கொண்டேன். முதல் பதில் கொஞ்சம் நீளம். மற்ற பதில்களுக்கும் அது தேவைப்படும் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு முன்பக்கத்திலேயே டிபன் கடை வைத்திருக்கிறோம். ஈ பிடிக்கும் பெட்டியில் டியூப் போய்விட்டது. கடையில் "யூவி டியூப்" என்று கேட்டு வாங்கி மாட்டினோம். அன்று நடுராத்திரி எனக்கும் மாஸ்டருக்கும் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், முகமெல்லாம் சிவப்பு. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அதே டியூப்பைத் தொடரலாமா? (ஈரோடு)

பதில்: இப்போதே கழற்றிவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மாட்டியது பூச்சி டியூப் அல்ல, கிருமி கொல்லும் டியூப். இரண்டுக்கும் நீளம் ஒன்று, பின் ஒன்று, வாட்டும் ஒன்றாகவே இருக்கலாம். அதனால் ஹோல்டரில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது, இரண்டுமே யூவிதான்.

யூவி என்பது ஒரே ஒளி அல்ல. அலைநீளம் 315 முதல் 400 நானோமீட்டர் வரை யூவி-ஏ, 280 முதல் 315 வரை யூவி-பி, அதற்குக் கீழே யூவி-சி. ஈயை இழுக்கும் டியூப் 365 நானோமீட்டரை ஒட்டியது, அதாவது யூவி-ஏ. கிருமி டியூப் 254, அதாவது யூவி-சி. சூரியனிலிருந்து வரும் யூவி-சியை வளிமண்டலமே தடுத்துவிடுவதால் நம் கண்ணும் தோலும் அதைச் சந்தித்துப் பழகியதே இல்லை.

டியூப்பைக் கழற்றிக் கையில் பிடித்துப் பாருங்கள். சாதாரண டியூப்லைட் போல உள்ளே வெள்ளைப் பூச்சு இருந்தால் பூச்சி டியூப். பூச்சே இல்லாமல் தண்ணீர் கிளாஸ் மாதிரி தெளிவாக இருந்து, இரண்டு முனையிலும் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் தெரிந்தால் அது கிருமி டியூப். முனையில் அச்சடித்திருக்கும் எழுத்தும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்: "எஃப்" என்று தொடங்கி "பி.எல்." என்று முடிந்தால் பூச்சிக்கானது. "ஜி" என்றோ "டி.யூ.வி." என்றோ தொடங்கினால் மனிதர் இருக்கும் இடத்தில் எரியவே கூடாது. 36 வாட் கிருமி டியூப்புக்கு முன்னால் ஒரு மீட்டரில் நின்றால், ஒரு நாள் முழுவதற்கும் கண்ணுக்கு அனுமதித்த அளவு ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். உங்களுடையது சின்ன டியூப்பாக இருக்கலாம், ஆனால் நீங்கள் நாள் முழுக்க அதன் கீழே தோசை வார்த்திருக்கிறீர்கள்.

அப்போதே ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். யூவி-சி சுடாது, கண்ணைக் கூசவும் செய்யாது. அந்த நீல வெளிச்சம் டியூப்பில் உள்ள பாதரசம் கூடவே விடும் கொசுறு, அவ்வளவுதான். கருவிழியின் மேல்தோல் செல்கள் செத்து உரிய ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் வலி ராத்திரியில் வந்தது. வெல்டிங் வேலை செய்பவர்களுக்கு இது பழைய கதை. கண் மருத்துவம் பார்க்கிற எனக்கும் அகாலத்தில் வரும் போன்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும். 2023 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு டிஜிட்டல் ஓவியக் கூட்டத்தின் கொண்டாட்டத்துக்குப் போனவர்கள் பலர் மறுநாள் விடிகாலை இப்படித்தான் கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தார்கள். அலங்காரத்துக்கு வைத்த யூவி விளக்குகள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

இனி யாருக்காவது நேர்ந்தால் விளக்கை மங்கலாக்கி, ஈரத்துணி வைத்து, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றி, கண்ணீர் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கை அரைத்துக் கட்டுவது எல்லாம் வேண்டாம். புண்ணான கருவிழியில் கிருமியைக் குடியேற்றுவதாகிவிடும். மரத்துப்போகும் சொட்டு மருந்தை யாராவது கொடுத்தாலும் வீட்டில் விடாதீர்கள், வலி போகும், புண் ஆறாது. பார்வை மங்கினாலோ இரண்டு நாளில் குறையாவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: கொரோனா சமயத்தில் வாங்கிய கைப்பிடி யூவி விளக்கு சும்மா கிடக்கிறது. கை, முகக்கவசம், காய்கறி மேல் காட்டலாமா? (தாம்பரம்)

பதில்: கையில் காட்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே இதை வெளிப்படையாகச் சொன்னது. சந்தையில் வந்தவற்றில் பல வெறும் ஊதா எல்.இ.டி., அவை கிருமியையும் கொல்லாது, உங்களையும் ஒன்றும் செய்யாது. நிஜமான யூவி-சியாக இருந்தால் இரண்டையும் செய்யும். எது உங்களிடம் இருக்கிறது என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. காய்கறிக்குக் குழாய்த் தண்ணீர், கைக்கு சோப்பு. மூடியைத் திறந்ததும் தானாக அணையும் பெட்டி வகை என்றால் செல்போனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் நீல வெளிச்சம் தெரிகிறது. பேத்தி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். (மதுரை)

பதில்: நிற்கட்டும். யூவி-சி சாதாரணக் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் தாண்டி வராது. மெஷினில் அது ஸ்டீல் குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே தெரிவது அந்தக் கொசுறு வெளிச்சம் மட்டும். சர்வீஸ் செய்ய வருபவர் மூடியைத் திறந்து "எரியுது பாருங்க" என்று காட்டினால்தான் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அவரையும் பிளக்கைப் பிடுங்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு ஜெல் நகப்பூச்சு போடுகிறாள். விளக்கில் கையை வைக்கிறாள். புற்றுநோய் வருமா? (கோவை)

பதில்: அது யூவி-ஏ. 2023-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களை இந்த விளக்கில் காட்டியபோது செல்கள் செத்தன, மிஞ்சியவற்றில் மரபணு மாற்றமும் தெரிந்தது. தட்டில் கிடக்கும் செல்லுக்கு மேல்தோல் கிடையாது, அதனால் அதை அப்படியே கைக்குப் பொருத்த முடியாது. கல்யாணத்துக்கு ஒருமுறை என்றால் பயப்படாதீர்கள். மாதாமாதம் என்றால் விரல் நுனி மட்டும் தெரியும்படி வெட்டிய கையுறை, அல்லது இருபது நிமிடம் முன்பே சன்ஸ்கிரீன். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேளுங்கள். அதைச் சாப்பிட்டால் வெளிச்சம் பட்டதும் தோல் எளிதில் பாதிக்கப்படும்.

கேள்வி: முழங்கையில் வெண்புள்ளி. டாக்டரிடம் வாரத்தில் மூன்று நாள் ஒளி சிகிச்சைக்குப் போய்வர முடியவில்லை. ஆன்லைனில் கையடக்க விளக்கு கிடைக்கிறதே? (திருநெல்வேலி)

பதில்: உங்களுக்குத் தருவது 311 நானோமீட்டர் யூவி-பி. அந்த அலைநீளத்தில் வீட்டு விளக்குகள் உண்டு, தோல் டாக்டர் மேற்பார்வையில் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது மாத்திரை மாதிரி. எத்தனை விநாடி என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், நீங்கள் எண்ண வேண்டும். மறுநாள் லேசாக இளஞ்சிவப்பாக இருந்து மங்கினால் சரி. ரோஜா நிறம் ஒரு நாள் தாண்டி நின்றால் அடுத்த முறை தள்ளிவைக்க வேண்டும். ஒரு வாரம் விட்டுவிட்டு மீண்டும் தொடங்குகிறீர்களா? பழைய விநாடிக்குத் தாவாதீர்கள். புது டியூப் மாற்றினாலும் அப்படித்தான், பழையது தேய்ந்திருக்கும், புதியது வேகமாக இருக்கும். யூவியைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி உங்களுக்கு மட்டுமல்ல, அறையில் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும். முடிந்தால் அவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. கார்போக அரிசி எண்ணெயோ விழுதோ தடவுகிறீர்களா? அதில் சொரலன் இருக்கிறது. யூவி பட்டால் தோல் பன்மடங்கு எளிதில் புண்ணாகும்படி செய்யும் பொருள். அதைத் தடவிவிட்டு வெயிலிலோ விளக்கிலோ நின்றால் கொப்புளம் பொங்கிவிடும். நலங்கு மாவிலும் சிலர் அதைச் சேர்ப்பதுண்டு. டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு மஞ்சள். ஆஸ்பத்திரியில் வைத்த நீல விளக்கு யூவியா? அதையே வாங்கி வீட்டில் வைக்கலாமா? (பாபநாசம்)

பதில்: யூவி அல்ல, 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான சாதாரண நீல ஒளி. கண்ணைக் கட்டுவது கூச்சத்தைத் தவிர்க்கவும் விழித்திரையைக் காக்கவும். கடையில் விற்கும் நீலக் கலர் பல்பு அந்த வேலையைச் செய்யாது. ஜன்னல் வெயிலில் காட்டுவதும் போதாது. மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்காலை அழுத்திப் பாருங்கள், அங்கேயும் மஞ்சள் தெரிந்தால் காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். தெரியாவிட்டாலும் நாளை ரத்தத்தில் அளவு பார்த்துவிடுங்கள்.