ஆளுமையை அளப்பது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்கள்

உளவியல் வினாத்தாள்களைத் தமிழில் தயாரித்து, மதிப்பெண் போட்டுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஆளுமையை எழுத்துகளால் வகை பிரிக்கும் எம்.பி.டி.ஐ. வினாத்தாளில் போன மாதம் 'ஐ' (உள்முகம்) வந்தது, இப்போது 'ஈ' (வெளிமுகம்) வருகிறது. நான் மாறிவிட்டேனா?

மாறவில்லை தம்பி, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். 165 செ.மீ.க்கு மேலே எல்லாரும் நெட்டை, கீழே எல்லாரும் குட்டை என்று ஒரு கோடு கிழித்தால் 164-ம் 166-ம் வேறு வேறு ஜாதி ஆகிவிடும், 166-ம் 190-ம் ஒரே ஜாதி. எம்.பி.டி.ஐ. செய்வது அதைத்தான். கலகலப்பு விஷயத்தில் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறோம், அதனால் அன்றைக்கு இருந்த மனநிலையில் ஒன்றிரண்டு பதில் மாறினாலே எழுத்தும் மாறிவிடும். எழுத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: ஆளுமையை 'பிக் ஃபைவ்', அதாவது ஐந்து பெரிய குணங்கள் என்கிறார்களே, ஏன் ஐந்து? யார் முடிவு செய்தது?

யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, அகராதியிலிருந்து வந்தது. மனிதர்களிடம் முக்கியமாகத் தெரியும் குணத்துக்கு மொழியில் ஒரு சொல் இருந்தே தீரும் என்பது அடிப்படை யோசனை. 1936-ல் உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் ஆங்கில வெப்ஸ்டர் அகராதியைச் சலித்துக் கிட்டத்தட்ட 18,000 சொற்களை எடுத்தார்கள், அதில் நிலையான குணத்தைச் சொல்பவை சுமார் 4,500. அப்புறம் கேட்டெல் என்ற உளவியலாளர் அவற்றைச் சுருக்கிச் சுருக்கி 16 காரணிகளில் (குணக் கட்டுகளில்) கொண்டுவந்து நிறுத்தினார். 1961-ல் அமெரிக்க விமானப்படைக்காக வேலை செய்த டியூப்ஸும் கிறிஸ்டலும் பல குழுக்களின் மதிப்பீடுகளை அலசியபோது திரும்பத் திரும்ப ஐந்துதான் வந்தது.

அலசுவது என்றால் இதுதான்: 'வாயாடி' என்று மதிப்பெண் வாங்குகிறவர் 'கலகலப்பானவர்' என்பதிலும் வாங்குகிறார், ஆனால் அவர் 'ஒழுங்கானவர்' என்பதில் எவ்வளவு வாங்குவார் என்று அதை வைத்துச் சொல்ல முடிவதில்லை. சேர்ந்தே ஏறி இறங்கும் சொற்களை ஒரு கட்டாகக் கட்டுகிறோம். அப்படிக் கிடைத்த ஐந்து கட்டுகள்: வெளிமுகத்தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சித் தடுமாற்றம், புதியதை ஏற்கும் மனம்.

கேள்வி: நியூரோட்டிசிசம் (உணர்ச்சித் தடுமாற்றம்) அதிகம் என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது மேடம்.

அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் அது அளக்கிறது! நோய் இல்லைம்மா. மற்றவர்களைவிடச் சீக்கிரம் கவலைப்படுகிறீர்கள் என்று மட்டும் அர்த்தம். தூக்கம், வேலை கெடும் அளவுக்குப் போனால் மருத்துவரைப் பாருங்கள், மதிப்பெண்ணைக் காட்ட வேண்டியதுகூட இல்லை.

கேள்வி: ஒரே விஷயத்தை ஏன் நேராகவும் தலைகீழாகவும் கேட்கிறீர்கள்?

எதைக் கேட்டாலும் 'ஆமாம்' போடுகிறவர்களைப் பிடிக்க. மதிப்பெண் 1 (உடன்படவே இல்லை) முதல் 5 (முழுக்க உடன்படுகிறேன்) வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எனக்குக் கூட்டம் பிடிக்கும்' என்பதற்கும் 5, 'நான் அதிகம் பேசமாட்டேன்' என்பதற்கும் 5 போட்டால், இரண்டாவதை 6-லிருந்து கழிக்க வேண்டும், 1 ஆகிவிடும். சராசரி 3, நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

தமிழில் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'நான் எளிதில் பதறுவதில்லை' என்று எழுதி, பக்கத்தில் 'உடன்படவில்லை' என்று கட்டம் வைத்தோம். ஒரு பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பதறுவேன்னா இல்லைன்னு போடணுமா, ஆமான்னு போடணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டார், கேட்காமல் குத்துமதிப்பாகப் போட்டவர்கள் எத்தனை பேரோ. 'நெருக்கடியிலும் நிதானமாக இருப்பேன்' என்று மாற்றிய பிறகுதான் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. 'இல்லை'யே இல்லாத தலைகீழ்க் கேள்வி எழுதுவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

கேள்வி: இந்த ஐந்து உலகம் முழுக்கச் செல்லுமா?

படித்த, நகரத்து மக்களிடம் பெரும்பாலும் வருகிறது. பொலிவியாவில் காட்டை ஒட்டி வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் கேட்டு 2013-ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து சரியாகப் பிரியவில்லை. ஆஷ்டன், லீ என்ற ஆய்வாளர்கள் நேர்மை-பணிவு என்று ஆறாவது ஒன்றைச் சேர்க்கிறார்கள். எனக்கு அந்த ஆறாவது பிடிக்கும், நம் ஊரில் ஒருவரைப் பற்றி முதலில் விசாரிப்பதே அதைத்தானே.

கேள்வி: ஆள் எடுக்கும்போது பயன்படுத்தலாமா?

பொறுப்புணர்வுக்கும் வேலைத்திறனுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் சிறியது. தவிர, வேலை கேட்டு வந்தவர் 'நான் சோம்பேறி' என்று எந்தக் காலத்தில் எழுதியிருக்கிறார்?

கேள்வி: என் கணவர் நிரப்ப மாட்டேன் என்கிறார். அவருக்காக நான் நிரப்பினால் செல்லுமா?

செல்லும். நெருங்கியவர்கள் நிரப்புவதற்கென்றே தனிப் படிவங்கள் இருக்கின்றன, சில விஷயங்களில் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், சண்டை போட்ட அன்றைக்கு மட்டும் வேண்டாம்.