காற்றாலை வேலையை நம்பலாமா? பணகுடித் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மின்னியல் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகன் காற்றாலைத் துறைக்குப் போக விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். "வெளிநாட்டுக்காரன் கொண்டுவந்து நட்ட தொழில், அவன் கையை உதறினால் பிள்ளையின் பிழைப்பு என்னாகும்?" என்ற தங்கள் கேள்விக்கு விடை சொல்ல, இத்தொழில் நம் பக்கத்தில் வேரூன்றிய விதத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் உதவி வெளியிலிருந்து வந்தது உண்மைதான். 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சிறிய காற்றாலைகள் நிறுவப்பட்டன. அதன்பின் டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் துணையோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் எழுந்தன. ஆனால் அந்த உதவி இயந்திரங்களோடு நின்றுவிடவில்லை. 1998இல் சென்னையில் அமைந்த காற்றாற்றல் தொழில்நுட்ப மையத்துக்கும் கயத்தாறில் உள்ள அதன் சோதனை நிலையத்துக்கும் டானிடா கைகொடுத்தது. அந்த மையமே இன்று பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. எந்த இடத்தில் எவ்வளவு காற்று வீசுகிறது, ஓர் இயந்திரம் சொன்ன அளவுக்கு மின்சாரம் தருகிறதா என்பவற்றை விற்பவரின் காகிதத்தை நம்பாமல் நாமே அளந்து சொல்லும் திறன் அங்கே வளர்ந்தது. இப்போது பிற வளரும் நாடுகளின் பொறியாளர்கள் அங்கு வந்து பயிற்சி பெறுகிறார்கள். தனியார் பக்கத்திலும் கதை இதுதான்: 1995இல் தொடங்கிய இந்தியக் காற்றாலைத் தயாரிப்பு நிறுவனமான சுஸ்லான், ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தைத் துணைகொண்டே முதல் அடி வைத்தது. வந்தவர்கள் போனாலும் கற்ற கை இங்கேயே இருக்கிறது, ஐயா.

தாங்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று. இத்துறையை அதிகமாக ஆட்டிவைத்தது நம் நாட்டுக் கொள்கை மாற்றங்களே. 2016-17இல் நாடு முழுவதும் சுமார் 5,500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் புதிதாக நிறுவப்பட்டன. நிலையான விலைக்கு மின்சாரம் வாங்கும் முறை போய், குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு என்ற ஏலமுறை வந்த மறு ஆண்டில் அது 2,000 மெகாவாட்டுக்கும் கீழே இறங்கியது. இத்தகைய சரிவில் முதலில் அடிபடுவது தொழிற்சாலை வேலையும் புதிய கோபுரம் நிறுத்தும் வேலையும்தான். அதே நேரத்தில், ஏற்கெனவே நிற்கும் காற்றாலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் யாராவது பராமரித்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது என்பதால், தங்கள் மகன் இயக்கம், பராமரிப்பு, துணைமின் நிலையப் பணி என்ற பக்கத்தைக் குறிவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

வேலை எளிதானதன்று. வைகாசி முதல் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் காலத்தில் ஓர் இயந்திரம் ஒரு மணிநேரம் நின்றாலும் உரிமையாளருக்கு இழப்பு என்பதால், இரவென்றும் பகலென்றும் பாராமல் அழைப்பு வரும். காற்று ஓய்ந்த மாதங்களில் எண்பது, நூறு மீட்டர் உயரம் ஏறி, போல்ட்டுகளின் இறுக்கத்தையும் கியர்பாக்ஸ் எண்ணெயையும் இறக்கைகளின் விரிசலையும் பார்க்க வேண்டும். உயரத்தில் தலைசுற்றும் பிள்ளையானால் இப்போதே தெரிந்துகொள்வது நலம். அப்படியானாலும் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக் கோளாறு கண்டறியும் பணி இருக்கிறது. மின்னியல் படித்தவருக்கு அது பொருந்தும்.

ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஆறுமாதக் காற்றாலைப் பயிற்சியும் வெளிநாட்டு வேலை உறுதியும் தருவதாகச் சொல்லும் பயிற்சியகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலைக்கு உறுதி தருவோரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பட்டயத்தை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்து, பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் ஓராண்டு பழகுநராகச் சேர்வதே இதைவிட மேல். உலகளாவிய காற்றாற்றல் நிறுவனங்கள் ஏற்கும் ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) பாதுகாப்புச் சான்றிதழ் மதிப்புள்ளதுதான். எனினும் அதன் பெரும்பகுதியை இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதால், வேலை கைக்கு வரும் வேளையில் எடுப்பதே சிக்கனம். பல நிறுவனங்கள் தாமே செலவு செய்து அனுப்புவதும் உண்டு.

கடலில் காற்றாலை வரப்போகிறது என்ற செய்தியையும் தாங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். 2024இல் மத்திய அரசு குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட்டுக்காக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. டென்மார்க்கின் தொழில்நுட்ப ஒத்துழைப்பும் இத்துறையில் தொடர்கிறது. ஆயினும் அறிவிப்புக்கும் நியமன ஆணைக்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம். அதற்காகப் பிள்ளையைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

ஐப்பசியில் பராமரிப்புப் பணி தொடங்கும்போது, தங்கள் ஊருக்கு அருகிலுள்ள காற்றாலை ஒன்றில் முன்அனுமதி பெற்று, மகனை ஒரு நாள் முழுவதும் அங்கே இருந்து பார்க்கச் செய்யுங்கள். மாலையில் வீடு திரும்பியதும் அவர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கு எழுதுங்கள். எந்தெந்த நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பது என்பதை அதன்பின் பேசுவோம்.