பூட்டு இருந்தால் விரல் தப்புமா?

வாசகர் கேள்வி: பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க எப்போதும் கையோடு ஒரு மடக்குக் கத்தி வைத்துக்கொள்ள ஆசை. இணையத்தில் வாங்கிய கத்தி, அட்டைப்பெட்டியைக் குத்தித் திறக்கும்போது சட்டென்று மடங்கி ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. '440 சர்ஜிக்கல் ஸ்டீல், டமாஸ்கஸ்' என்று அதில் பொறித்திருக்கிறது. பூட்டு உள்ள கத்தியாக வாங்கினால் பயமில்லாமல் இருக்கலாமா? எதை வாங்குவது?

பதில்: பூட்டு உதவும். ஆனால் உங்கள் விரல் கிழிந்ததற்கு முதல் காரணம் பூட்டு இல்லாதது அல்ல, நீங்கள் குத்தியது. மடக்குக் கத்தி இழுத்து அறுப்பதற்கான கருவி. கூர்ப்பக்கம் பொருளின் மேல் அழுந்தும்வரை அலகு இன்னும் திறக்கத்தான் பார்க்கும், மடங்காது. குத்தினால் முனை சிக்கிக்கொள்ளும். கை முன்னே போகும். அழுத்தம் அலகின் முதுகுப் பக்கம் திரும்பும். பூட்டில்லாத கத்தியில் அப்போது அலகைப் பிடித்து நிறுத்த முதுகில் ஒரு ஸ்பிரிங் மட்டுமே இருக்கிறது. அது தோற்றால் அலகு விழும் இடம் உங்கள் விரல். இனி பெட்டி பிரிக்கும்போது முனையை ஒட்டுநாடா கிழியும் அளவுக்கு மட்டும் இறக்கி, நாடா போகும் வழியிலேயே பக்கவாட்டில் இழுங்கள். மற்றக் கை கத்தி போகும் பாதையில் இருக்கக் கூடாது.

எதை வாங்குவது? உங்கள் வேலைக்கு இரண்டு கத்திகளைத் தயங்காமல் சொல்வேன். ஒன்று, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் செய்யும் 91 மில்லிமீட்டர் சிவப்புக் கத்தி. 1897-இல் வந்த அதிகாரிகள் கத்தியின் வாரிசு. பெரிய அலகுக்குப் பூட்டு கிடையாது, ஆனால் ஸ்பிரிங் திடமானது, கத்தரிக்கோல் சேர்ந்த வகைகளும் உண்டு. மற்றொன்று, பிரான்சின் ஒப்பினெல் 8-ஆம் எண். அலகு 8.5 சென்டிமீட்டர். 1890-இல் தொடங்கிய இந்தக் கத்திக்கு 1955-இல்தான் சுழலும் உலோக வளையம் சேர்ந்தது. வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும் ஏற்பாடு. விரல் பயம் உங்களை விடவில்லை என்றால் இதையே வாங்குங்கள், துருப்பிடிக்காத அலகாகப் பார்த்து. நனைந்தால் மரக் கைப்பிடி ஊதி அலகு இறுகும், காய்ந்தால் சரியாகிவிடும்.

நீங்கள் இடக்கையர் என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது லைனர் லாக் என்ற பூட்டு. கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகின் அடியில் வந்து முட்டுக்கொடுக்கும். மடக்க வேண்டுமானால் அந்தத் தகட்டை ஒதுக்க வேண்டும். அது வலக்கைப் பெருவிரலுக்காக அமைத்த தகடு. இடக்கையில் பிடித்தால் ஆள்காட்டி விரலை வளைத்துத்தான் தள்ள முடியும். அந்த விரல் அலகு மடங்கும் வழியிலேயே நிற்கும். இன்னும் மோசம், இறுக்கிப் பிடித்து அறுக்கும்போது இடக்கை விரல்நுனிகள் தெரியாமலே தகட்டை அழுத்தித் திறந்துவிடலாம். பூட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் அழுத்துவீர்கள், பூட்டைத் திறந்துகொண்டிருப்பது உங்கள் கையாகவே இருக்கும். தொழிலில் தேர்ந்த இடக்கையர்கள்கூட இதில் அடிபட்டுப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதுகில் அழுத்தித் திறக்கும் பேக் லாக், அல்லது மேலே சொன்ன வளையப் பூட்டு. இரண்டும் எந்தக் கைக்கும் பொது. 'பழகிக்கொள்ளலாம்' என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். கிழிவது அவர் விரல் அல்ல.

இனி உங்கள் கத்தியில் பொறித்திருப்பதைப் பற்றி. கத்தி எஃகுகளில் 440 என்பது ஒரே எஃகு அல்ல; ஏ, பி, சி என்று மூன்று. ஏ வகையில் கரிமம் 0.60 முதல் 0.75 சதவீதம், சி வகையில் 0.95 முதல் 1.20 சதவீதம். நல்ல கடினம் ஏறுவதும் கூர் அதிக நாள் நிற்பதும் சி வகையில். சி-யைப் போட்டவர் அந்த எழுத்தை மறைக்க மாட்டார். வெறும் 440 என்றிருந்தால் மட்டமானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்பதற்கு வரையறுத்த பொருளே இல்லை. டமாஸ்கஸ் என்பது வெவ்வேறு எஃகுகளை அடுக்கி அடித்து இணைத்தது. விலை மலிந்த கத்திகளில் காண்பது பெரும்பாலும் மேலே அமிலத்தாலோ லேசராலோ போட்ட கோலம். உண்மையானதில் அந்த வரி அலகின் முதுகிலும் தொடரும். உங்கள் கத்தியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், மொழுமொழுவென்று இருக்கும்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அலகில் எந்தப் பெயரையும் பொறித்து விற்கிறார்கள், விற்பனைத் தளங்கள் தரகை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கின்றன. பெயர்பெற்ற கத்திகளின் போலியும் அதே பக்கத்தில் அசலோடு கலந்து கிடக்கிறது. நிறுவனமே அங்கீகரித்த விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். சட்டம் எழுதுகிறவர்களாவது கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்தார்களா என்றால் அதுவும் சந்தேகம். பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வெளியே கொண்டுபோகலாம் என்று விட்டிருப்பது கூர் 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியை. விரலைக் காக்கும் பூட்டு வந்தாலே காரணம் காட்ட வேண்டும். பயணம் போகும் நாட்டின் விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறும் நாளில் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டியில் போடுங்கள். சட்டைப்பையில் மறந்த நல்ல கத்திகள் எத்தனையோ சோதனைக் கூடையில் போயிருக்கின்றன, திரும்பி வருவதில்லை.

கூர் மழுங்கினால் சுழலும் உலர்சக்கரத்தில் கொடுக்காதீர்கள். தீப்பொறி பறக்க இரண்டே நிமிடத்தில் தீட்டித் தருவார்கள், ஆனால் சூட்டில் விளிம்பு நிறம் மாறினால் பதம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் சாணைக்கல் ஒன்று போதும். பக்கத்துக்குச் சுமார் 15 முதல் 20 பாகை சாய்த்து, இரண்டு பக்கமும் சமமாகத் தேயுங்கள்.

கையில் இருக்கும் கத்தியைத் திருப்பி அனுப்பக் கெடு இருந்தால் இன்றே அனுப்பிவிடுங்கள். கெடு போயிருந்தால் அதைப் பையில் வைக்க வேண்டாம். புதுக் கல்லில் சாணை பிடித்துப் பழக அதுவே போதும்.